புகைக்கு அளவுண்டு, தேய்மானத்துக்கு?

ஒரு காரின் புகையை எங்கே வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவு பல மடங்கு மாறுகிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் மூன்று டீசல் கார்களில் கருவிகளை ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்றான ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, சட்ட வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியது. ஆய்வகத்தில் அதே கார் வரம்புக்குள் நின்றது. சோதனை நடப்பதை உணர்ந்து, அந்த நேரத்தில் மட்டும் புகையை முழுமையாகச் சுத்திகரிக்கும் மென்பொருள் அதில் இருந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை அம்பலப்படுத்தியது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அது இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

மோசடி செய்யாத நிறுவனங்களுக்கும் பழைய முறை தாராளமாக இடம் கொடுத்தது. ஐரோப்பாவின் அன்றைய ஆய்வகச் சோதனை 20 நிமிடங்களில் முடிந்துவிடும். எந்த விநாடியில் எந்த வேகம் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. அந்த ஒரே ஓட்டத்துக்கு ஏற்ப எஞ்சினைப் பழக்கினால் சான்றிதழ் கிடைத்துவிடும். இந்த ஓட்டையை அடைக்கவே 2017 செப்டம்பரில் ஐரோப்பா, புது மாடல் கார்களுக்குச் சாலையோட்டச் சோதனையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2023 ஏப்ரலில், பி.எஸ். 6 புகை விதிகளின் இரண்டாம் கட்டத்தோடு அது நடைமுறைக்கு வந்தது. சாலையில் அளப்பது சரியான முடிவு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புது வண்டியின் புகைக்குழாயோடு அந்த அளவீடு நின்றுவிடுகிறது. அதுதான் இதன் பெருங்குறை.

முதலில் நிறைகளைப் பார்ப்போம். காரின் பின்புறத்தில் பொருத்தப்படும் நடமாடும் சிறு ஆய்வகம், புகைக்குழாயிலிருந்து வரும் வாயுவை நொடிக்கு நொடி உறிஞ்சி அளக்கிறது. நகரம், புறநகர், நெடுஞ்சாலை என மூன்று வகைச் சாலைகளிலும் கார் 90 முதல் 120 நிமிடங்கள் ஓடுகிறது. நெரிசல், மேடு, காற்று, ஓட்டுநரின் கால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஓட்டத்துக்கு மட்டும் எஞ்சினைப் பழக்கிப் பயனில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கும் யூரியாக் கரைசலைக் கஞ்சத்தனமாகத் தெளித்துவந்த நிறுவனங்கள் தேவையான அளவு தெளிக்க வேண்டிவந்தது. இச்சோதனைக்குப் பின் வந்த டீசல் கார்கள் ஐரோப்பாவின் யூரோ 6 புகை விதிப்படி அதற்கு முன் வந்த கார்களைவிட மிகக் குறைவாகவே கக்குகின்றன. சாலையோரத் தொலையுணர் கருவிகள் தனியாக எடுத்த அளவீடுகளும் இதையே காட்டின. ஒரு விதி வண்டியின் பொறியமைப்பையே மாற்றியது என்பது சிறிய வெற்றியல்ல.

குறைகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. டீசல் காருக்கான யூரோ 6 நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம். சாலையில் மட்டும் அதைவிட 2.1 மடங்கு வரை போகலாம் என்று முதலில் சலுகை தரப்பட்டது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், மாட்ரிட் நகராட்சிகள் இதை எதிர்த்து வழக்காடி 2018-இல் வென்றன. ஆனால் மேல்முறையீட்டில் 2022-இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. சலுகை பிற்பாடு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. கருவியின் பிழைக்கு இடம் விடுவது நியாயம். கருவிப் பிழையின் பெயரில் வரம்பையே இரட்டிப்பாக்கியது, நகரவாசிகளின் நுரையீரலை வைத்துச் செய்த பேரம்.

அதைவிடப் பெரிய குறை காலத்தைப் பற்றியது. யூரோ 6 விதிப்படி, ஓடும் கார்களை மீண்டும் சோதிக்கும் பொறுப்பு ஐந்து ஆண்டுகள் அல்லது ஒரு இலட்சம் கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. வண்டியோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடுகிறது. புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி அடைபடுவதும், வினையூக்கி செயலிழப்பதும், செலவுக்கு அஞ்சி உரிமையாளர் வடிகட்டியையே கழற்றிவிடுவதும் அந்தப் பிற்காலத்தில்தான் நடக்கின்றன.

இந்தியாவில் அந்தக் காலத்துக்குக் காவலாக இருப்பது பெட்ரோல் பங்க் ஓரத்தில் தரப்படும் புகைச் சான்றிதழ் மட்டுமே. அங்கே பெட்ரோல் வண்டியை நிறுத்திவைத்து, எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். நகரக் காற்றைக் கெடுப்பதில் முன்னிற்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை இந்தச் சோதனை தொடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும் அதற்குப் பிடிபடாது. நவீன டீசல் வண்டியில் வடிகட்டி பழுதானால்கூட அடர்த்திமானி அதைக் கண்டுபிடிக்காமல் போகலாம். அளக்கும் பொருளே தவறாக இருக்கும்போது, எத்தனை கண்டிப்போடு அளந்தாலும் பயன் குறைவு. இங்கே கண்டிப்பும் இல்லை. டெல்லியில் வரம்பை மீறிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டதாக இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே கூறியது.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. நெதர்லாந்து 2023 முதல் டீசல் வண்டிகளின் வழக்கமான தகுதிச் சோதனையில் துகள்களின் எண்ணிக்கையை அளக்கிறது. எஞ்சின் சும்மா ஓடும்போதே சில விநாடிகளில் இது முடிந்துவிடும். வடிகட்டி கழற்றப்பட்ட வண்டி உடனே மாட்டிக்கொள்ளும். சாலையோரத்தில் ஒளிக்கதிரைப் பாய்ச்சி, கடந்துபோகும் வண்டிகளின் புகையை அளக்கும் தொலையுணர் முறையும் இருக்கிறது. டெல்லியிலும் குருகிராமிலும் இம்முறையில் எடுத்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள், தூய எரிபொருள் என்று நாம் நம்பும் சி.என்.ஜி. வண்டிகளில் பல அதிக நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுவதைக் காட்டின. ஒரு வண்டியை ஒரே கணம் மட்டும் பார்ப்பது இம்முறையின் பலவீனம்; அதை வைத்து யாருக்கும் அபராதம் விதிப்பது நியாயமாகாது. ஆனால் எந்த மாடல் கெட்டுப்போகிறது, எந்த வண்டியை மறுசோதனைக்கு அழைக்க வேண்டும் என்று அறிய இதைவிட எளிய வழி இல்லை.

புகைக்குழாய் சுத்தமாகும்போது டயரும் பிரேக்கும் முன்னுக்கு வருகின்றன. இங்கே எச்சரிக்கையோடு எண்களைப் படிக்க வேண்டும். பிரிட்டனின் எமிஷன்ஸ் அனலிடிக்ஸ் நிறுவனம், கிலோமீட்டருக்கு 5.8 கிராம் டயர் துகள் வெளிவருவதாக 2020-இல் அறிவித்தபோது அது உலகச் செய்தியானது. ஒரு கார் டயர் தன் ஆயுளில் இழப்பது ஒன்று, ஒன்றரைக் கிலோதான். அந்தக் கணக்கு எப்போதும் பொருந்துமானால் ஆயிரம் கிலோமீட்டரிலேயே நான்கு டயர்களும் மொட்டையாகிவிட வேண்டும். மிகக் கடுமையான ஓட்டத்தின் அளவு அது. நான்கு டயர்களும் சேர்ந்து ஐந்து கிலோவை 50,000 கிலோமீட்டரில் இழப்பதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு 100 மில்லிகிராம்தான் வரும். அதிலும் பெரும்பகுதி காற்றில் மிதக்காத பெரிய துகள். புகைத் துகளோடு எடைக்கு எடை ஒப்பிடுவது முழுப் பொருத்தமாகாது.

ஆனால் மிகைக் கணக்கைத் தள்ளிவிட்டாலும் ஆபத்து மறையாது. காற்றில் மிதக்காத துகள் மழைநீரோடு ஓடுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கான காரணம் 2020-இல் தெரியவந்தது. ஓசோனால் ரப்பர் வெடிக்காமலிருக்க டயரில் 6பி.பி.டி. என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் குயினோன் சேர்மம் அந்த மீன்களைச் சில மணி நேரத்தில் கொல்கிறது.

2024-இல் நிறைவேறிய யூரோ 7 சட்டம் முதன்முறையாக பிரேக் துகளுக்கு வரம்பு வைத்தது. டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வரவிருக்கிறது. மாதிரி டயரோடு ஒப்பிட்டு, சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, இழந்த எடையைப் பார்ப்பது அதன் முறை. நல்ல தொடக்கம்தான். ஆனால் எடைக்குறைவு நஞ்சைச் சொல்லாது. குறைவாகத் தேய்ந்து அதிக நஞ்சைக் கசியவிடும் டயரும் இதில் தேறிவிடும். எடையோடு வேதிப்பொருளையும் வரம்புக்குள் கொண்டுவந்தால்தான் இச்சட்டம் முழுமை பெறும்.

தமிழ்நாட்டுக்கு இது அயலார் விவகாரமல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை எனச் சென்னையைச் சுற்றிப் பல டயர் ஆலைகள் இருக்கின்றன. வண்டிகளைச் சோதிக்கும் தேசிய மையமும் ஒரகடத்தில் இருக்கிறது. ஐரோப்பா வரம்பு வைத்த பிறகு ஏற்றுமதி டயரை மட்டும் திருத்துவதைவிட, உள்ளூர்ச் சாலைக்கும் அதே டயரைத் தர இப்போதே ஆராயலாம். டயரில் காற்று சரியாக இருப்பதும், சக்கரச் சீரமைப்பும், நிதானமான பிரேக்கும் இன்றே தேய்மானத்தைக் குறைக்கும். எடை கூடினால் தேய்மானமும் கூடும் என்பதால், ஆண்டுக்கு ஆண்டு எடை கூடும் கார்களுக்கு அரசு வரியால் கடிவாளம் போட வேண்டும். மின்கார்களும் இதற்கு விலக்கல்ல.

சாலையோட்டச் சோதனையைக் கைவிடக் கூடாது, நீட்ட வேண்டும். புகைச் சான்றிதழில் துகள் எண்ணிக்கையும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர வேண்டும். தொலையுணர் அளவீடு நிரந்தர ஏற்பாடாக வேண்டும். விற்பனைக்கு முன் தேறிய வண்டி பதினைந்து ஆண்டுகள் ஓடும் என்றால், அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கும் புகைக்குழாய்க்கும் சக்கரத்துக்கும் சேர்த்தே தயாரிப்பாளரையும் அரசையும் பொறுப்பாக்கும் அளவீடு நமக்கு வேண்டும்.