கை தளர்ந்தது பயத்தாலா?

இங்கிலாந்தின் தென்கரையோர விசைப்படகுப் பந்தயத்தில், கௌஸிலிருந்து டார்கீ போகும் வழியில் அவரைக் கொண்டாடியவர்கள்தான், திரும்பும் வழியில் “பயந்துவிட்டார்” என்கிறார்கள். அதே ஆள், அதே படகு, அதே நாள். மாறியது கடலின் திசை மட்டும்தான். போகும்போது தென்மேற்குக் காற்றும் அலையும் முகத்தில் அடிக்கும். வரும்போது அலைகள் படகு போகும் திசையிலேயே ஓடும். 1968 முதல் இந்தப் பந்தயம் போய்த் திரும்பும் பந்தயமாக இருக்கிறது. இதற்குள் ரசிகர்களுக்கு இது பழகியிருக்க வேண்டும்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பிடிக்கும் அவரின் பெயரைச் சொல்லவில்லை, பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தை ஒலியோடு மறுபடி போட்டுப் பாருங்கள். திரும்பும் வழியில், அலையின் முதுகில் ஏறும்போதே எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்குகிறது. முகட்டுக்கு ஒரு கணம் முன்னால் மறுபடி ஏறுகிறது. படகு தாழ்வாகத் தாவி விழுகிறது, சத்தத்தில் பிசிறே இல்லை. இந்த முதல் இறக்கத்தைத்தான் கோழைத்தனம் என்கிறார்கள். அடுத்து வரும் ஏற்றத்தை யாரும் காதில் வாங்குவதில்லை.

அவர் படகில் எஞ்சின்கள் இரண்டும் அருகருகே இல்லை; ஒன்று முன்னே, ஒன்று பின்னே. முன்னதன் விசை நீண்ட ஷாஃப்ட் வழியே பின்னால் போகிறது. எதற்கு இந்த வம்பு? 1960 மயாமி–நாசாவ் பந்தயத்தின் முரட்டுக் கடலில் ரே ஹன்ட்டின் ஆழ்ந்த ‘வி’ அடித்தட்டு தன்னை நிரூபித்ததிலிருந்து, கரடுமுரடான கடலுக்கு அதுதான் இலக்கணம். சுமார் 24 பாகை சரிவு. அந்த ‘வி’-யில் நடுவில்தான் ஆழம். இரண்டு எஞ்சின்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் இரண்டுமே நடுவை விட்டு விலகும், சரிவில் மேலேறும். முன்பின்னாக வைத்தால் இரண்டும் ஏராவை, அதாவது அடித்தட்டின் நடுக்கோட்டை, ஒட்டிக் கீழே உட்காரும். படகு ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தாலும் சட்டென்று நிமிரும். ப்ரொப்பல்லர்களையும் நெருக்கி வைக்கலாம் என்பதால், சாயும்போது ஒன்று மட்டும் தண்ணீரை விட்டு வெளியே வந்து கத்துவது குறைவு. துறைமுகத்துக்குள் மெதுவாகத் திருப்புவது மட்டும் தொல்லை. பந்தயத்துக்கு அது ஒரு பொருட்டா?

இதற்கு ஒரு விலை உண்டு: எடை முன்னால் வந்துவிடுகிறது. எதிர்க்கடலில் அது வரம். அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்காது. படகு முகடுகளை அறுத்துக்கொண்டு போகும். போர்ட்லண்ட் பில் முனையில் நீரோட்டமும் காற்றும் எதிரெதிரே மோதி, அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும் இடத்தில் இவர் படகு மற்றவர்களைப் பின்தள்ளுவது இதனால்தான். நெஞ்சுரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாதி வேலையைச் செய்வது எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இடம்.

திரும்பும்போது அதே எடை எதிரியாகிறது. படகு அலையைவிட வேகமாகப் போகிறது; அலையின் முதுகில் ஏறி, முகட்டைத் தாண்டி, பள்ளத்தில் பாய்ந்து, அடுத்த அலையின் முதுகை நோக்கிப் போகிறது. அணியம் தாழ்ந்தால் நேராக அதற்குள் சொருகிக்கொள்ளும். அப்புறம் பந்தயம் இல்லை, மீட்புப் படகுதான். ப்ரொப்பல்லரின் தள்ளுவிசை எடைமையத்துக்குக் கீழே இருப்பதால் அது அணியத்தைத் தூக்கும்; முகட்டில் த்ராட்டிலை விட்டால் அந்தத் தூக்கலும் போய்விடும். அதனால் இவர் ஏறும்போதே தளர்த்தி, தாவும் உயரத்தைக் குறைத்து, முகட்டில் அழுத்தி, அணியத்தை நிமிர்த்தி அனுப்புகிறார். பயந்தவன் கை முகட்டில்தான் விடும். இவர் கை அங்கேதான் அழுத்துகிறது.

‘அந்தரத்தில் பறக்கும்’ புகைப்படங்கள்தான் நம் ரசனையைக் கெடுத்தவை. காற்றில் சுழலும் ப்ரொப்பல்லர் படகை ஓர் அடிகூட முன்னே தள்ளாது. முழு வேகச் சுழற்சியோடு மறுபடி தண்ணீரைத் தொட்டால் கியரோ ஷாஃப்ட்டோ உடையலாம்.

அணியத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, காலி செய்தால் போதாதா என்பார்கள். காலி செய்கிறார்கள், பின்புறத் தகடான ட்ரிம் டேப்பையும் உயர்த்துகிறார்கள். எரிபொருள் குறையக் குறைய எடைமையமும் நகரும். ஆனாலும் எஞ்சின் போட்ட கணக்கை ஒரு தொட்டித் தண்ணீரால் அழித்துவிட முடியாது.

அவுட்போர்டு பக்தர்கள் இப்போது உற்சாகமாக இருக்கிறார்கள். 2021-ல் மெர்க்குரி கொண்டுவந்த 600 குதிரைத்திறன் வி-12 அவுட்போர்டு ஒன்றே 550 கிலோவைத் தாண்டும். உல்லாசப் படகுகளில் அப்படி நான்கைந்தைப் படகுக்கு வெளியே, அமரத்தின் பின்னால் தொங்கவிடுகிறார்கள். பந்தயமும் இந்தப் பக்கம் சாயும் என்றே நினைக்கிறேன். பழுது பார்க்க எளிது, உள்ளே இடம் மிச்சம். அப்போது எடை பின்னால் குவியும்; வடிவமைப்பாளர்கள் எரிபொருள் தொட்டியையும் இருக்கைகளையும் முன்னே தள்ளிச் சமாளிப்பார்கள். தட்டையான கடலில் கோப்பைகளும் அவர்களுக்கே போகும், போகட்டும்.

ஆனால் அடுத்த முறை காற்று வலிமை அளவுகோலில் ஐந்தைத் தாண்டினால் கதை வேறு. போர்ட்லண்டை முதலில் தாண்டுவது இவர் படகுதான். திரும்பும்போது லைம் விரிகுடாவில் இரண்டு அவுட்போர்டு படகுகளாவது இவரைக் கடந்து போகும். ‘பயந்துவிட்டார்’ கோஷமும் கிளம்பும். நீடில்ஸ் பாறைகளைத் தாண்டி சோலெண்ட் நீரிணைக்குள் நுழைந்ததும் கடல் தணியும், தளர்த்தத் தேவையிருக்காது. அந்தக் கடைசி மைல்களில் ஒரு படகையாவது பிடித்துவிடுவார். இரண்டாவதைப் பிடிப்பது, அதுவரை அவருடைய கியர்கள் எவ்வளவு அடி வாங்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நான் அவர் பக்கம்தான்.