மலாவி ஏரியின் புல்வெளியை வீட்டுத் தொட்டியில் ரசிப்பது எப்படி?

"ஆப்பிரிக்கன் சிக்லிட் வளர்க்கணும்னா செடி ஆசையை விட்டுடுங்க" என்று மீன் கடைகளில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. பாறையில் படர்ந்த பாசியை மேய்ந்து வாழும் மலாவி மீன்களில் பல, மெல்லிய இலைச் செடி எதையும் விட்டுவைக்காது. மணலைத் தோண்டி வேரோடு கிளப்பிவிடும். அதனால்தான் பெரும்பாலான சிக்லிட் தொட்டிகளில் நீல விளக்கும் கல்லும் மட்டுமே இருக்கின்றன. அவற்றுக்கிடையே மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாக மீன்கள் ஓயாமல் துரத்திக்கொண்டிருக்கும். முதல் பார்வைக்கு அழகுதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் கண் சலித்துவிடும், எல்லா மீனும் ஓடுகிறது என்பதைத் தவிர வேறெதுவும் புலப்படாது.

மற்ற பாதியை மலாவி ஏரியில்தான் தேட வேண்டும். மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய 3 நாடுகளுக்கு நடுவே சுமார் 580 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது அந்த ஏரி. ஆழம் 700 மீட்டரைத் தொடும். அங்குள்ள சிக்லிட் இனங்கள் பல நூறு. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே உலகில் வேறெங்கும் கிடையாது. ஏரியின் தென்கோடியில் ஒரு பகுதியை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்த மீன்களே முதன்மைக் காரணம். அதன் கரையோரம் முழுக்கப் பாறை என்று நினைத்துவிடக் கூடாது. உருண்டைப் பாறைகள் ஓரிடத்தில் முடிய, வெண்மணல் தொடங்கும். அந்த மணலில் வாலிஸ்நேரியா என்னும் நாடாப்புல் திட்டுத்திட்டாக முளைத்து நிற்கும். கல், மணல், புல் மூன்றும் சந்திக்கும் இந்த இடைப்பகுதியில்தான் மீன்களின் வாழ்க்கை மிக விதவிதமாக நடக்கிறது. செடி வைத்த சிக்லிட் தொட்டி என்றால், அந்த இடைப்பகுதியின் ஒரு துண்டை வீட்டில் அமைப்பது என்று கொள்ளுங்கள். அப்படி அமைத்தால் பார்க்கவும் நிறைய இருக்கும்.

ஏரியில் புல்லும் மீனும் எப்படி உறவாடுகின்றன என்பதற்கு 2 மீன்களைச் சொல்கிறேன். ஹெமிடிலாபியா ஆக்ஸிரிங்கஸ் என்றொரு மீன் வாலிஸ்நேரியா இலையை வாயில் பிடித்து, உடலைச் சாய்த்து, இலை நெடுகக் கொறித்துக்கொண்டே போகும். அது தின்பது இலையை அன்று. இலைமேல் படிந்த பாசியைத்தான். இலை முழுசாக நிற்கும், துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்று. இன்னொன்று நிம்போக்ரோமிஸ் லிவிங்ஸ்டோனி. புல் திட்டுகளை ஒட்டி வாழும் இது, திட்டுத்திட்டான பழுப்பு உடலோடு மணலில் பக்கவாட்டில் சாய்ந்து செத்தது போலக் கிடக்கும். பிணத்தைக் கொத்த வரும் சிறுமீன் கிட்டே நெருங்கியதும் லபக்கென்று கவ்வும். இந்த மீன் 25 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் சாதாரண வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு தொட்டியைப் பார்க்கும்போது, புல்லுக்குள் அசையாமல் நிற்கும் ஒரு மீனை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

நம் தொட்டிக்கு உகந்தவை எவை? 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது சுமார் 250 லிட்டர் கொள்ளும் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் நான் 2 இனங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். ஒன்று, எலெக்ட்ரிக் யெல்லோ என்று கடைகளில் விற்கும் லாபிடோக்ரோமிஸ் செரூலியஸ், ஆறேழு மீன்கள். மற்றொன்று, பீகாக் சிக்லிட் எனப்படும் ஔலோனோகாரா, ஓர் ஆணும் 4 பெண்ணும். இரண்டுக்கும் செடி தின்னும் பழக்கம் அநேகமாகக் கிடையாது. முன்னது பாறை இடுக்கில் பூச்சிப்புழுக்களைக் கொத்தித் தின்பது. பின்னது மணலுக்குள் இரை தேடுவது. கல்லுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று. நடுவே புல்.

ஒரே தொட்டியில் 2, 3 வகை பீகாக் ஆண்களைப் போட்டுக் கலர் சேர்க்கும் ஆசை பலருக்கு வரும். வேண்டாம். பீகாக் பெண்கள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலான சாம்பல் பழுப்பு நிறம். வகை பிரித்துச் சொல்வது கடினம். கலந்து இனப்பெருக்கம் செய்தால் பிறக்கும் குஞ்சு ஏரியில் எங்குமே இல்லாத ஒன்று. சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளில் மீன் வாங்கும்போது "மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்" தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுப்பதை வாங்காமல், இனத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத மீனைப் பற்றி எதையும் படித்தறிய முடியாது. படித்தறியாமல் இந்த மீன்களின் பாதி அழகு கண்ணில் படாது.

இனி பார்ப்பதற்கு வருவோம். நீங்கள் தொட்டி முன் நின்றதும் மீன்கள் கண்ணாடிக்கு ஓடிவந்து வாலாட்டுவது தீனிக்காக. அதைப் பார்த்து மகிழலாம், ஆனால் அப்போது அவை தம் வேலை எதையும் செய்வதில்லை. தீனி போட்டு அரைமணி நேரம் கழியட்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, 4, 5 அடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். மொத்தத் தொட்டியையும் பார்க்காமல் ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து அதையே பின்தொடருங்கள்.

பீகாக்கில் தொடங்கலாம். அது மணலுக்கு ஒரு விரற்கடை மேலே, தலையைச் சற்றுத் தாழ்த்தி, துடுப்பைக்கூட அசைக்காமல் அப்படியே நிற்கும். தூங்குகிறதோ என்று தோன்றும். திடீரென்று மணலில் வாயைப் புதைத்து எதையோ எடுக்கும். செவுள் வழியே மணல் உதிரும். நின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் அது கேட்டுக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம். அதன் முகத்தின் கீழ்ப்பகுதியில் பெரிய பெரிய உணர்வுக் குழிகள் உண்டு. மணலுக்குள் ஒரு புழு நெளிந்தாலும் அந்த நீரசைவு அவற்றில் படும். கண்ணாடியருகே வரும்போது தாடையோரம் பாருங்கள், அந்தக் குழிகள் வெறும் கண்ணுக்கே தெரியும். இந்த வேட்டையைக் காண வேண்டுமானால் மணல் மெல்லியதாக இருக்க வேண்டும். எம் சாண்ட் ஆகாது, அது உடைத்த கல். முனை கூர்மையாக இருக்கும். நன்றாகக் கழுவிய, உருண்டு தேய்ந்த நுண்மணலே சரி.

அடுத்து எல்லைகள். ஆதிக்கம் செலுத்தும் ஆணின் நிறம் முழுதாக ஒளிரும். தோற்ற ஆண் நாளடைவில் மங்கிப் பெண்ணைப் போலாகிவிடும். நிறத்தை மட்டும் வைத்தே அன்றைய அரசியலைச் சொல்லிவிடலாம். சண்டை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி சண்டையே கிடையாது. 2 மீன்கள் பக்கம் பக்கமாக நின்று, துடுப்புகளை விரித்து, உடலை நடுநடுங்கச் செய்து பலம் காட்டிப் பிரியும். எந்த இடத்தில் துரத்துபவர் சட்டென்று நின்று திரும்புகிறார் என்று கவனியுங்கள். அதுதான் எல்லைக்கோடு. பெரும்பாலும் அது ஒரு கல்லாகவோ ஒரு புல் கொத்தாகவோ இருக்கும். செடியின் மிகப் பெரிய உபயோகம் இங்கே தெரியும். ஒன்றையொன்று எந்நேரமும் பார்க்க முடிந்தால் துரத்தல் ஓயாது. நெருக்கமான புல் பார்வையை மறைக்கிறது; துரத்தப்பட்ட மீன் இலைகளுக்குள் நுழைந்ததும் துரத்தியது மறந்துவிட்டுத் திரும்புகிறது. செடியில்லாத தொட்டியில் இந்த அமைதி கிடைக்காது.

எல்லாவற்றிலும் உயர்ந்த காட்சி இனப்பெருக்கம். ஆண் ஒரு கல்லின் மேலோ மணலைக் குழித்தோ இடம் தயார் செய்து பெண்ணை அழைக்கும். இரண்டும் வட்டமாகச் சுற்றும். பெண் சில முட்டைகள் இட்டு உடனே திரும்பி அவற்றை வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் பின்புறத் துடுப்பில் மஞ்சள் பொட்டுகள் சில இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை முட்டை போலவே இருக்கும். பெண் அவற்றையும் முட்டை என்று கொத்த வரும்போது விந்து அதன் வாய்க்குள் போய், முட்டைகள் அங்கேயே கருவுறும். வொல்ஃப்காங் விக்லர் என்ற ஆய்வாளர் 1962-இல் இந்தப் பொட்டுகளின் வேலையை விளக்கினார். அதன் பிறகு ஏறக்குறைய 3 வாரம் தாய்க்கு விரதம். தொண்டை உப்பியிருக்கும், வாய் சரியாக மூடாது, அவ்வப்போது தாடையை அசைத்து முட்டைகளைப் புரட்டிக்கொள்ளும். அதுவரை வீரமாகத் திரிந்த மீன் இப்போது வாலிஸ்நேரியாக் கொத்துக்குள் ஒதுங்கி நிற்கும். தீனி போட்டும் ஒரு பெண் மீன் வரவில்லையென்றால் பதற வேண்டாம், முதலில் அதன் தொண்டையைப் பாருங்கள்.

செடிகளில் வாலிஸ்நேரியாவுக்கே முதலிடம் தருகிறேன். அது அந்த ஏரியின் செடி என்பது ஒரு காரணம். இன்னொன்று, கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கரிமத்தை எடுத்துக்கொள்ளத் தெரிந்த செடி அது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. "லிக்விட் கார்பன்" என்று விற்கும் மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வாலிஸ்நேரியா கரைந்துபோகும். நடும்போது இலையும் வேரும் சேரும் கழுத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். முதல் 2, 3 வாரம் பழைய இலைகள் அழுகும். பிடுங்கி எறிந்துவிடாமல் பொறுத்திருந்தால் புது இலை வரும், பிறகு பக்கக்கொடி ஓடித் தானே பெருகும். சின்ன மண் சட்டியில் நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி மணலில் புதைத்தால் தோண்டும் மீனிடமிருந்து தப்பும். மீன் விடுவதற்கு ஒரு மாதம் முன்பே செடியை நட்டு வேர் பிடிக்க விடுவது எல்லாவற்றிலும் நல்லது.

கல்லோடு இருக்க அனூபியாஸ். இது மேற்கு ஆப்பிரிக்க ஆற்றுச் செடி, மலாவிக்கு அந்நியம்தான். ஆனால் தடித்த இலை, மீன் தொடாது. கிழங்கை மணலில் புதைத்தால் அழுகும், நூலால் கல்லில் கட்டிவிடுங்கள். மேலே மிதக்க ஹார்ன்வொர்ட் கொஞ்சம். இவ்வளவு போதும். தொட்டி முழுக்கச் செடி வைக்காதீர்கள். பின்மூலை ஒன்றில் அடர்த்தியாகப் புல், எதிர்மூலையில் கல், நடுவே வெறும் மணல். அந்த வெற்றிடம்தான் மேடை.

கல்லை மணலுக்கு மேல் வைக்கக் கூடாது. மீன் அடியில் தோண்டினால் சரிந்து கண்ணாடி உடையும். தொட்டியின் தரையில் மெல்லிய ஃபோம் விரித்து, அதன்மேல் கல்லை அடுக்கி, பிறகு மணல் கொட்டுங்கள். உருண்ட கருங்கல் அருமையாகப் பொருந்தும். அதில் பச்சைப் பாசி படரும்போது தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். முன் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பளபளவென்று கழுவிய கல் ஏரியில் எங்கும் இல்லை. பாசிக் கல்லை மீன் நாள் முழுக்கக் கொத்துவதும் ஒரு காட்சி.

தண்ணீரைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் பலருக்கு அதிர்ஷ்டம். இந்த மீன்களுக்கு பிஎச் 7.8 முதல் 8.6 வரை உள்ள கடின நீர் வேண்டும். நாம் சலித்துக்கொள்ளும் போர் தண்ணீர் பல ஊர்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கடினத்தன்மையும் கடலோர உப்புத்தன்மையும் வேறு வேறு. டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் பிரித்துக் காட்டாது, சொட்டு மருந்துச் சோதனைக் கிட் வாங்கிப் பாருங்கள். ஆர்ஓ தண்ணீர் தேவையே இல்லை. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்க வேண்டும். பிஎச் உயர உயர அம்மோனியாவின் விஷமும் ஏறும் என்பதால் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா உருவாக 4 முதல் 6 வாரம் கொடுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடுங்கள். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரி போதும். கோடையில் அதற்கு மேல் ஏறும்போது ஏர் பம்ப் இடைவிடாமல் ஓடட்டும். விளக்கு 7, 8 மணி நேரம், வெள்ளை வெளிச்சம். தீனி குறைவாக, ஸ்பைருலினா சேர்ந்ததாக. மாட்டு இதயம் போன்ற கொழுத்த இறைச்சி இந்த மீன்களின் வயிற்றுக்கு ஆகாது.

தோட்டம்தான் முதல் ஆசை, மீன் அப்புறம் என்பவர்கள் மலாவியை விட்டுவிட்டு, நைஜீரியா, கேமரூன் ஆறுகளின் கிரிபென்சிஸ் ஜோடி ஒன்றை வளர்க்கலாம். 2 அடித் தொட்டி போதும், அது செடியைக் கெடுக்காது. தாயும் தந்தையும் குஞ்சுக் கூட்டத்தை இலைகளுக்கிடையே அழைத்துத் திரியும் அழகே தனி. அதற்கு மென்னீர் பிடிக்கும் என்பதால் மலாவி மீன்களோடு சேர்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மீன்கள் நம் வீட்டில் நன்றாகவே பெருகும், ஒரு கட்டத்தில் இடம் போதாது. மிஞ்சிய குஞ்சுகளை மீன் வளர்க்கும் நண்பர்களுக்குக் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியிலோ குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனும் ஓர் ஆப்பிரிக்க சிக்லிட்தான். அதுவும் வாயில் குஞ்சு காக்கும் தாய்தான். இன்று அது இல்லாத நீர்நிலையைத் தமிழ்நாட்டில் தேட வேண்டியிருக்கிறது, அது பெருகிய இடங்களில் நாட்டு மீன்களுக்கு இடம் சுருங்கியிருக்கிறது. மலாவி மீன் மலாவியிலும் உங்கள் தொட்டியிலும் மட்டும் இருக்கட்டும்.