ரேகையின் நியாயம்

கம்ப்யூட்டருக்குள் நாற்காலி செய்பவனிடம் மரம் கிடையாது. அவனிடம் இருப்பது கனமற்ற, நிறமற்ற, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கூடு. அதன்மேல் மரத்தின் படம் ஒன்றை அவன் போர்த்துகிறான். 1974-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் காட்மல் தன் ஆய்வேட்டில் வகுத்துக் காட்டிய வழி இது. இன்று பர்னிச்சர் விளம்பரங்களில் நாம் பார்க்கும் மேஜை நாற்காலிகளில் கணிசமானவை உளியையே அறியாதவை. இப்படிப் படம் போர்த்திக்கொண்டு நிற்பவை. இது தொழில்நுட்பக்காரர்களின் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். உருவம், உள்ளடக்கம் என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு இத்தனை காலம் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டையை ஸ்தூலமாக, கண்ணுக்கு முன்னால் நடத்திக் காட்டும் இடமாக எனக்கு இது படுகிறது.

தட்டையான பலகைக்குப் படம் போர்த்துவதில் சிரமமில்லை. வளைவு வந்ததும்தான் தகராறு. காகிதத்தை உருளையைச் சுற்றி ஒட்டலாம், கூம்பின்மேலும் ஒட்டலாம், பந்தின்மேல் மடிப்பு விழாமல் ஒட்டமுடியாது. கைத்திறன் போதாததால் வரும் குறை என்று இதைச் சொல்வதற்கில்லை. காஸ் 1827-ல் நிரூபித்த கணிதம் இது. பந்தைப் போல இரு திசையிலும் வளைந்த பரப்பைத் தட்டையாக விரித்தால் எங்காவது இழுபட்டே தீரும். வெட்டிவிட்டால் இழுபடுவது குறையும், ஒழியாது. கம்ப்யூட்டர்காரன் வெட்டின் தையலை நாற்காலிக் காலின் பின்பக்கத்தில் ஒளித்துவைக்கிறான். இழுபட்ட இடத்திலோ, ஊதிய பலூன்மேல் எழுதிய எழுத்துப் போல ரேகைகள் அகன்றுவிடுகின்றன. என்ன தவறு என்று பார்ப்பவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் 'பிளாஸ்டிக்' என்று அவன் கண் தீர்ப்புச் சொல்லிவிடும்.

1985-ல் கென் பெர்லினும் டார்வின் பீச்சியும், ஒருவரை ஒருவர் சாராமல், வேறொரு வழியை முன்வைத்தார்கள். மரத்தைப் படமாக எழுதாமல் கனமாக எழுதுவது. வளையம் வளையமாக வளர்ந்த ஓர் அடிமரத்தில் எந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்பதை ஒரு சூத்திரம் சொல்லிவிடும். நாற்காலியை அந்த அடிமரத்துக்குள் வைத்துச் செதுக்கியெடுத்தது போல, வெட்டுப்படும் இடத்தில் உள்ளிருக்கும் வளையம் வெளியே தெரியும். தையல் இல்லை, இழுபடுவதும் இல்லை. பலகையின் முகத்தில் கோடாக ஓடும் ரேகை, முனையில் தானாகவே வளையமாகிறது.

இந்த இடத்தில் நம்மில் பலர் கைதட்டுவார்கள். போர்த்தியது பொய், உள்ளிருந்து வருவதே மெய் என்பது நம் சிறுபத்திரிகை விமர்சனத்தின் வேதவாக்கு அல்லவா? ஒரு கவிதையின் படிமம் பிடிக்கவில்லையென்றால் 'ஒட்டவைத்தது' என்கிறோம். பிடித்துவிட்டால் 'உள்ளிருந்து கிளர்ந்தது' என்கிறோம். இந்தச் சுலபத்தைத்தான் நான் மறுக்கவேண்டியிருக்கிறது.

மைக்கேல் தோனெட்டின் 14-ஆம் எண் நாற்காலி 1859-ல் வந்தது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். பீச் மரக் கழியை நீராவியில் இளக்கி, வெளிவளைவில் இரும்புப் பட்டையை இறுகப் பிடித்து வளைத்தார்கள். வெளிப்புற நார்கள் நீண்டு அறுந்துபோகாமல் பட்டை காக்கிறது. உட்புறம் நெருக்குண்டு வளைகிறது. ஆகவே ரேகை வளைவோடு கூடவே போகிறது. இந்த நாற்காலியைப் பெர்லினின் அடிமரத்திலிருந்து எடுத்தால் ரேகை நேரே ஓடி, வளைவின் பக்கவாட்டில் வெட்டுண்டு வெளியேறும். அது பலகையிலிருந்து அறுத்தெடுத்த வளைவு. ரேகை குறுக்கே விழும் இடத்தில் ஒடிந்துபோகும். உள்ளிருந்து வந்த சத்தியம், உட்கார்ந்தால் ஒடியும் நாற்காலியைக் காட்டுகிறது. வளைவைத் தொடர்ந்து நீளவாக்கில் போர்த்திய பழைய படமே இங்கே உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இங்கிலாந்தின் வின்ட்ஸர் நாற்காலி இன்னும் சிக்கலானது. இருக்கை எல்ம் பலகையில் குடைந்தது. கால்கள் கடைசலில் உருட்டியவை. முதுகு வளையம் நீராவியில் வளைத்தது. குடைந்த பள்ளத்தில் ரேகைகள், மலைப் படத்தின் உயரக் கோடுகள் போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியவேண்டும். கடைந்த காலின் புடைப்பில் அவை அகலாமல், வெட்டுண்டு ஒன்றுக்கொன்று மூடிக்கொள்ளவேண்டும். முதுகில் வளைவோடு வளையவேண்டும். ஒரே நாற்காலியில் மூன்று நியாயங்கள். மூன்றுக்கும் ஒரே சித்தாந்தத்தைப் பிரயோகிப்பவன் எத்தனை துல்லியமான மரப்படம் வைத்திருந்தாலும் தோற்றுப்போகிறான்.

போர்த்துவதிலும் நேர்மை உண்டு, நேர்மையின்மை உண்டு. 1940-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் நடத்திய போட்டிக்கு, இரு திசையிலும் வளைந்த பிளைவுட் கூட்டை ஒரே துண்டாகச் செய்ய முயன்றார்கள் சார்லஸ் ஈம்ஸும் ஈரோ சாரினெனும். மரம் விரிசல் விட்டது. மெத்தை போட்டு மூடினார்கள். சார்லஸும் ரே ஈம்ஸும் செய்து 1946-ல் உற்பத்திக்கு வந்த நாற்காலியில் இருக்கை தனி, முதுகு தனி. காஸின் கணக்கு மரத்தையும் விடுவதில்லை. வெட்டவேண்டிய இடத்தை ஒளிக்காமல் அதையே உருவமாக்கியதுதான் அவர்களுடைய சாதனை.

ஆக, ரேகை உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்வியால் நமக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. இந்த வளைவு எப்படி நேர்ந்தது, குடைந்தா, கடைந்தா, வளைத்தா என்று கேட்கவேண்டும். யாப்பைப் பழஞ்சட்டை என்று நாம் உதறினோம். பல கைகளில் அது போர்வையாகத்தான் இருந்தது, சந்தேகமில்லை. சில கைகளில் அது தோனெட்டின் இரும்புப் பட்டை. வளையும்போது மொழி அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டது. இரண்டையும் ஒரே வார்த்தையால் தள்ளிவிட்ட விமர்சனம், யாப்பில்லாமல் எழுதப்பட்டதற்காகவே அறுத்தெடுத்த வளைவுகளையெல்லாம் சிருஷ்டி என்று கொண்டாடியும் இருக்கிறது. அவற்றில் எத்தனை இன்று உட்கார்ந்தால் தாங்கும்?

மரம் வாங்கப் போகும் தச்சன் பலகையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. முனையைத் திருப்பி வளையத்தையும் பார்க்கிறான். விமர்சகனிடமும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.