சுக்கான் பிடிப்பவரின் கண்

பாய்மரக் கேட்டமரானின் அழகைப் பேசுவோர் அதன் வேகத்தையும் விசாலத்தையும் சொல்வார்கள். என் பார்வையில், அதை வடிவமைத்தவரின் திறமை சுக்கான் சக்கரம் இருக்கும் இடத்தில் தெரிந்துவிடும். லகூன் 42 என்ற கேட்டமரானை எடுத்துக்கொள்வோம்: நீளம் ஏறத்தாழ 12.8 மீட்டர், அகலம் 7.7 மீட்டர். ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள் இருப்பதால், ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் இயக்கி, நின்ற இடத்திலேயே திருப்பிவிடலாம். ஆகவே ஜெட்டியில் அணைப்பதைக் கடினமாக்குவது பார்வைதான். சக்கரம் ஒரு பக்கமாக, அறைச்சுவரை ஒட்டி அமைந்தால், அந்தப் பக்கம், படகு உரசாமல் தடுக்கும் மெத்தையான ஃபெண்டர் நசுங்குவதுவரை தெரியும். எதிர்ப்பக்க அணியமோ அறைக்கூரைக்கு அப்பால் மறைந்துபோகும்.

கட்டானா நிறுவனத்தின் கேட்டமரான்கள் பலவற்றில் இரு பின்மூலைகளிலும் சக்கரம் உண்டு. எந்தப் பக்கம் அணைக்கிறோமோ அங்கே போய் நின்றுகொள்ளலாம். எஞ்சின் கைப்பிடிகளும் அங்கிருந்தால்தான் பயன் முழுமை. வெயிலும் மழையும் நேராக மேலே விழுமே என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் நெடும்பயணத்தில் பெரும்பாலும் ஆட்டோபைலட்தான் ஓட்டுகிறது. கேமரா போதாதா? அகலக்கோண லென்ஸ், அருகிலுள்ளதையும் தள்ளியிருப்பதாகக் காட்டும். உப்புத்துளி படிந்தால் மங்கும். முன்னால் நிற்பவர் குரல் கொடுக்கலாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்று படகைத் தள்ளிவிடும். மேல்தளச் சக்கரத்திலிருந்து சுற்றிலும் தெரியும். கயிறு கட்ட இறங்கிவரத்தான் நேரமாகும். படகு வாங்குவோர் முதலில் சக்கரத்தருகே நின்று, நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பார்க்கட்டும். படுக்கையறைகளைப் பிறகு எண்ணலாம்.