பியூஜோவின் மெதுநடை

எம்எம் 540 ஜீப் வாங்க வருகிறவர்கள் முதலில் கிரில்லைப் பார்க்கிறார்கள், அப்புறம் டயரை. நான் கேட்பது ஒன்றுதான்: உள்ளே இருப்பது பியூஜோவின் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின்தானா? அதை இறக்கிவிட்டு பொலேரோ இன்ஜின் ஏற்றிய வண்டி என்றால், எவ்வளவு பளபளவென்று நின்றாலும் எனக்கு அதில் நாட்டமில்லை.

90 மில்லிமீட்டர் போர், 83 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 2112 சிசி. ஸ்ட்ரோக்கைவிட போர் பெரிது; அதன் குணமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஜீப்பில் அதற்கு முன்பு வந்த இன்டர்நேஷனல் 2350 டிராக்டர் வம்சம். நீள ஸ்ட்ரோக்கில் இழுத்து இழுத்துப் பேசும். பியூஜோவோ கார் வம்சம். பிரான்சில் 504 டீசல் காரில் ஓடிய இன்ஜின், 1985-ல் வந்த எம்எம் 540-க்குள்ளும் உட்கார்ந்தது. டீசல் முன்னறையில் பற்றிக்கொண்டு அப்புறம்தான் சிலிண்டருக்குள் பரவுவதால், அதன் தட்டலில் கூர்மை கிடையாது. காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுத்திருந்து செல்ஃப் அடித்தால், முதலில் சற்று முரண்டு பிடிக்கும். பிறகு நான்கு சிலிண்டரும் ஒரே தாளத்துக்கு வந்து சேரும். அந்தச் சில நொடிகளை வைத்தே வண்டியின் உடம்பு எப்படி என்று சொல்லிவிடலாம்.

அதன் முழு அழகும் தெரிவது தார் ரோட்டில் அல்ல. காரைக்குடி பக்கத்துச் செம்மண் கோடையில் கல்லாக இருக்கும். கார்த்திகையில் கண்மாய் நிரம்பியதும் கரையோரக் களிமண் டயரை விடாது. அங்கே கியர் லீவருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன லீவர்கள் இரண்டுக்கும் வேலை வருகிறது. முன் ஆக்சிலைச் சேர்த்தால்தான் லோ கியர் விழும், 2.46 மடங்கு வேகம் குறையும், அத்தனை மடங்கு இழுவை கூடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இந்த இன்ஜினை ரசிக்க வேண்டிய இடம் இதுதான். ஐட்லிங்கிலேயே, ஆள் நடக்கிற வேகத்தில், மூச்சு மாறாமல் கரையேறும். அவசரப்பட்டு ரேஸ் கொடுப்பவன் சேற்றைத்தான் வாரி இறைப்பான். வேட்டங்குடி பறவைகள் சரணாலயப் பக்கம் மட்டும் இன்ஜினை அணைத்துவிடுவதே மரியாதை. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை.

மலேசியாவில் இருக்கும் நம்மவர்கள் லேண்ட் ரோவர் கட்சி. கேமரன் மலையில் காய்கறி மூட்டை சுமக்கிற பழைய சீரீஸ் வண்டிகளைச் சொல்லாமல் அவர்களுக்குப் பேச்சு முடியாது. அந்த 2286 சிசி டீசலை நானும் மதிக்கிறேன். ஆனால் அதன் குதிரைத்திறன் 62. அதைவிடச் சிறிய பியூஜோவுக்கும் அதே 62. உள்ளூரில் டிஐ, அதாவது டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜின், கட்சி ஒன்று உண்டு: மைலேஜும் இழுவையும் கூடுதல் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அதிர்வில் ஒரு மணி நேரம் போய் இறங்கினால் ஸ்டீயரிங் பிடித்த கை தனியாக நடுங்கும். ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினும் உயர்ந்த பானட்டும் கொண்ட சிஜே-3பியே அசல் ஜீப் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அது கண்ணுக்கான வண்டி, 540 காதுக்கானது.

என் பெரியப்பா வைத்திருந்த ஜீப்பைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் தேவகோட்டை ரோட்டில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். டேப்பட் வைக்கும்போது ஃபீலர் கேஜை ஒரு தடவை விட்டுப் பார்ப்பார்; அப்புறம் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ராக்கர் கவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். "ரெண்டாவது மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு தம்பி" என்பார். அப்படியே இருக்கும். இன்று அவரைப் போலக் கேட்கத் தெரிந்தவரைத் தேடி மதுரை, கோயம்புத்தூர் என்று அலைகிறார்கள். நாசிலைச் சரியாகச் செட் பண்ணித் தரும் பம்பு கடைகளும் அருகிவிட்டன. புகை வந்தால் போதும், "இன்ஜினை மாத்திடுங்க சார்" என்பதுதான் முதல் யோசனை.

பழைய வீட்டின் பர்மாத் தேக்குத் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடித்தால் பதறுகிற ஊர் காரைக்குடி. அதே ஊரில் 540-க்கு ராட்சத டயரும் எல்இடி பட்டையும் குரோம் பம்பரும் பூட்டுகிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. ஆக்சில் தாங்காத டயரைப் போட்டால் ஸ்டீயரிங் கனக்கும், கியர் விகிதம் கெடும், லோ கியரின் அந்த நிதானமான நடை போய்விடும்.

பழைய வண்டி வைத்திருப்பதற்கான செலவும் ஏறிக்கொண்டே போகிறது. 15 வருடம் தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000. இந்தக் கட்டணத்தைக் கட்டி வண்டியை வைத்துக்கொள்ளத் துணிந்தவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பியூஜோ வெட் லைனர் இன்ஜின். தேய்ந்தால் லைனரும் பிஸ்டனும் மாற்றி அதே பிளாக்கை மறுபடி ஓட வைக்கலாம். டெம்பரேச்சர் முள் மேல் ஒரு கண் வைத்து, ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். பட்டறையில் யார் என்ன சொன்னாலும் அந்த இன்ஜினை இறக்கிப் பழைய இரும்புக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.