துலூசின் புனித லூயிஸ் (ஓவியம்)

துலூசின் புனித லூயிஸ் என்பது இத்தாலியின் சியன்னா நகரைச் சேர்ந்த ஓவியர் சிமோனே மார்த்தினி 1317ஆம் ஆண்டளவில் வரைந்த பலகை ஓவியம் ஆகும். கோதிக் காலப் புனிதர் ஓவியங்களுள் இது குறிப்பிடத்தக்கது. இன்று நேப்பிள்ஸ் நகரின் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் உள்ளது.

பின்னணி

லூயிஸ், நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்லசின் இரண்டாவது மகன். மூத்தவர் சார்லஸ் மார்ட்டெல் 1295இல் இறந்தபின், அரியணை உரிமை லூயிசுக்கு வந்தது. அவர் 1296இல் அதைத் தம்பி ராபர்ட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பிரான்சிஸ்கன் சபைத் துறவியானார். துலூஸ் ஆயராகப் பொறுப்பேற்ற அவர் 1297இல், 23 வயதில் மறைந்தார். 1309இல் ராபர்ட் அரசரானார். ஆனால் சார்லஸ் மார்ட்டெலின் மகன் உயிருடன் இருந்ததால், ராபர்ட்டின் உரிமை கேள்விக்கு உள்ளானது. 1317இல் திருத்தந்தை 22ஆம் யோவான் லூயிசைப் புனிதராக அறிவித்தார்.

ஓவியத்தின் அமைப்பு

லூயிஸ் நேர்முகமாக அரியணையில் அமர்ந்திருக்கிறார். இரு வானதூதர்கள் அவருக்கு முடிசூட்டுகிறார்கள். அவரோ, அருகில் மண்டியிட்டிருக்கும் ராபர்ட்டின் தலைக்கு மேல் ஒரு முடியைப் பிடித்திருக்கிறார். ராபர்ட்டின் உருவம் அண்ணனைவிட மிகச் சிறியது. சட்டத்தில் நேப்பிள்ஸ் அரச குடும்பத்தின் சின்னமான லில்லி மலர்கள் உள்ளன. அடிப்பலகையில் லூயிசின் வாழ்வையும் அற்புதத்தையும் கூறும் ஐந்து சிறு காட்சிகளும் ஓவியரின் பெயரும் இடம்பெற்றுள்ளன.

திறனாய்வு

அக்காலப் பலகை ஓவியங்களில் மரத்தின் மீது வெண்பூச்சு பூசி, தங்க ரேக்கு ஒட்டி, முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணங்களால் தீட்டுவது வழக்கம். தங்கப் பின்னணியில் வானமும் இல்லை, நிலமும் இல்லை. அதனால் அதில் காட்டப்படுவது எதுவும் காலத்தைக் கடந்ததாகத் தோன்றுகிறது. இந்த இயல்பே இங்கு அரசியலுக்குப் பயன்படுகிறது. ஓர் இளைஞர் அரசைத் துறந்த நிகழ்ச்சி, விண்ணுலகமே ராபர்ட்டுக்கு முடி வழங்கியதைப்போல மாறிவிடுகிறது.

ஏழ்மையை விரும்பியவரைப் பொன்னால் மூடியது முரண்பாடே. எனினும் ஓவியர் துறவியை முழுவதுமாக மறைத்துவிடவில்லை. பொன்வேலை செய்த மேலாடைக்குள் பிரான்சிஸ்கன் துறவியின் எளிய அங்கியும் இடைக்கயிறும் தெரிகின்றன. அடிப்பலகைக் காட்சி ஒன்றில் லூயிஸ் ஏழைகளுக்கு உணவு பரிமாறுகிறார். ராபர்ட் முடியைப் பெறுகிறார். லூயிசின் பார்வையோ தம்பி மீதும் இல்லை, முடி மீதும் இல்லை. அரச உரிமைக்குச் சான்றாக அமைந்த இந்த ஓவியத்திலேயே, அந்த உரிமையை வேண்டாம் என்றவரின் முகமும் நிலைத்திருக்கிறது. ஓவியத்தின் வலிமை இதில்தான் உள்ளது.