கைக்குட்டையைப் பின்தொடருங்கள்

சிவகாசி, விருதுநகர் பக்கத்துக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ அவர்களுக்கு நோட்ஸாகத்தான் அறிமுகமாகிறது. கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, தேர்வுக்கு வரக்கூடிய கேள்வி. கடைசிவரை நாடகம் கண்ணில் படுவதே இல்லை. சினிமாவை வைத்து இந்தக் குறையைத் தீர்க்கலாம். ஆனால் படத்தைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. எதைப் பார்ப்பது என்று முதலில் சொல்லித்தர வேண்டும்.

கோவலனில் தொடங்கலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் பொங்கல் திருவிழா மேடைகளில் விடிய விடியப் பார்த்த ஊர்கள் இவை. கோவலன் கதை தெரியாத வீடு இங்கே இல்லை. 1964-ல் வந்த ‘பூம்புகார்’ படமும் எளிதாகக் கிடைக்கிறது. எல்லோரும் நேராகக் கண்ணகியாக விஜயகுமாரி நீதி கேட்கும் காட்சிக்குத்தான் போவார்கள். அது பிறகு இருக்கட்டும். சிலம்பு கண்ணகியின் காலைவிட்டுக் கழன்ற இடத்திலிருந்து பாருங்கள். அவள் மனமுவந்து கொடுத்தது அது. அதே சிலம்பு பொற்கொல்லன் பார்வையில் பட்டதும் திருட்டுப் பொருளாகிறது. அரசனோ ஊடல்கொண்ட அரசியைத் தேற்றப் போகும் அவசரத்தில் இருக்கிறான். விசாரணை இல்லை. அன்போடு கொடுத்த பொருள் கொலைக்குச் சான்றாகிவிட்டது.

இதைப் பிடித்துக்கொண்டால் ‘ஒத்தெல்லோ’வின் கைக்குட்டை தானே விளங்கும். அது ஒத்தெல்லோ மனைவி டெஸ்டிமோனாவுக்கு முதன்முதலில் கொடுத்த பரிசு. மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியை மட்டும் மூலத்தில் பொறுமையாகப் படியுங்கள். ஒத்தெல்லோவின் படையில் இருக்கும் இயாகோ, மனைவிமீது அவனுக்கு ஏற்கெனவே சந்தேகத்தை விதைத்துவிட்டான். தலை வலிக்கிறது என்கிறான் ஒத்தெல்லோ. அவள் கைக்குட்டையால் நெற்றியைக் கட்டப் போகிறாள். சின்னதாக இருக்கிறது என்று அவனே அதை விலக்குகிறான். அது கீழே விழுகிறது. கிடக்கட்டும் என்று சொல்லி அவளை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறான். கீழே கிடந்ததை எடுப்பவள் இயாகோவின் மனைவி எமிலியா. பிற்பாடு “கைக்குட்டை எங்கே?” என்று ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவை உலுக்கும்போது, அதைத் தட்டிவிட்டது தன் கைதான் என்பது அவன் நினைவுக்கு வரவே இல்லை. நோட்ஸில் இதெல்லாம் “கைக்குட்டை தொலைகிறது” என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

இதற்குப் பிறகு படங்களுக்கு வரலாம். ஜெயராஜ் 1997-ல் மலையாளத்தில் எடுத்த ‘களியாட்டம்’ கதையைத் தெய்யம் ஆடுபவர்களின் வாழ்வுக்குள் கொண்டுபோனது. சுரேஷ் கோபிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை வாங்கித் தந்த படம். அம்மை வடு விழுந்த முகத்தோடு தெய்யம் கட்டும் பெருமலையன், ஊர்ப் பெரிய வீட்டுப் பெண் தாமரையை மணக்கிறான். கைக்குட்டை இருந்த இடத்தில் பட்டு. விஷால் பரத்வாஜின் ‘ஓம்காரா’ (2006) உத்தரப் பிரதேச அரசியல் அடியாட்களின் கதை. அதில் கைக்குட்டை பரம்பரை ஒட்டியாணமாகிறது. மருமகளுக்கென்று வீட்டில் வைத்திருக்கும் நகை கைமாறினால் என்ன அர்த்தம் என்று நம் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெனிஸ் நகரத்துத் தளபதியின் நிறத்தால் வந்த விலக்கம், இரண்டு படங்களிலும் சாதியாக மாறியிருக்கிறது. மிகச் சரியான மாற்றம் இது. சாதி தாண்டிக் கல்யாணம் செய்தவன் உள்ளுக்குள் எவ்வளவு பயத்தோடு இருப்பான் என்பது தெரிந்தால்தான், இயாகோவின் ஒரு சொல் அவனுக்குள் ஏன் அத்தனை ஆழமாக இறங்கியது என்பது புரியும்.

பார்க்கும்போது ஒரு தாளை வைத்துக்கொண்டு, அந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று வரிசையாகக் குறியுங்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் கதை நின்றிருக்கும். யார் அவர், ஏன் பேசவில்லை? வகுப்பில் பேச வேண்டியது இதைத்தான்.

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதல்ல. பட்டாசு ஆலையில் விபத்து என்றால் மறுநாள் செய்தியில் “மருந்துக் கலவையில் உராய்வு” என்று வரும். உராய்வோடு இங்கே யாரும் நிறுத்துவதில்லை. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் உள்குத்தகைக்கு விட்டது, யார் பார்த்தும் பார்க்காமல் விட்டது என்று கேட்பார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிபட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போனபோதும் அப்படித்தான் கேட்டார்கள். இயாகோவும் அந்த உராய்வுதான். கெட்டவன் ஒருவன் கெடுத்தான் என்று முடித்துவிட்டால் அவலநாடகம் கையை விட்டு நழுவிவிடும். கொடியவனின் வீழ்ச்சியைவிட, நல்லவன் தன் பிழையால் வீழ்வதே நம்மை உலுக்கும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதனால்தான்.

முடிவில் பெண்களைக் கவனியுங்கள். கண்ணகி உண்மையை அவைக்குக் கொண்டுவருகிறாள். அவள் சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. எமிலியா உண்மையைச் சொன்னதற்காகக் கணவன் கத்தியால் சாகிறாள். ‘ஓம்காரா’வில் அந்த இடத்தில் இருக்கும் இந்து, கணவனைத் தானே கொல்கிறாள். மூலத்தை மீறிய மாற்றம்தான், ஆனாலும் எனக்குச் சம்மதமே. தான் எடுத்த நகைக்கு அவள் பொறுப்பேற்கும் விதம் அது.  

இவ்வளவும் ஆன பிறகு விருதுநகர்க்காரரான வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) படத்தைப் போடுங்கள். எந்த நாடகத்தின் தழுவலும் அல்ல அது. அதனாலேயே பழகிய கண்ணுக்கு நல்ல பரீட்சை. அழுகை பிறக்க நான்கு காரணங்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது: பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. திருட்டுத்தனமாகப் படம் பார்த்த மகனை அப்பா அம்மணமாக்கி வெயிலில் கட்டிப்போடுகிறார். ஓடிப்போய்த் தியேட்டரில் வேலை பார்த்தவன் காதலியை இழக்கிறான். அந்தத் தியேட்டரும் போகிறது. வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். நான்கும் அந்த மகனாக நடித்த பசுபதியின் முகத்தில் வந்து போகும். இங்கே இயாகோ என்று கைகாட்ட ஒருவனும் கிடையாது. அந்த அப்பாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிகிறதா என்று மாணவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பருவத்தில் ‘ஒத்தெல்லோ’ பாடத்தில் இருந்தால், முதல் வாரத்தில் நோட்ஸ் கொடுக்காதீர்கள். ‘ஓம்காரா’ இரண்டரை மணி நேரப் படம், மூன்றாம் அங்கத்தின் அந்த ஒரு காட்சியை வாய்விட்டுப் படிக்க ஒரு வகுப்பு போதும். அதன்பிறகு நோட்ஸைப் பிள்ளைகளே எழுதட்டும்.